சாலையோரத்தில் சாய்த்த மரம் கோயில் அடுப்புக்கு விறகாக: வெயில் காலக் கேள்விகளும் பதில்களும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் சாலையோர மரங்களுக்குப் பஞ்சமில்லை. கிளை மின்கம்பியைத் தொட்டாலோ, வேர் தார்ச்சாலையைத் தூக்கினாலோ, புயற்காற்றில் சாய்ந்தாலோ ஒரே நாளில் வெட்டித் தள்ளிவிடுவார்கள். வெட்டிய மரம் லாரியேறிக் குப்பைக் கிடங்குக்குப் போகும். அதே வாரம் பக்கத்துக் கோயிலில் அன்னதானத்துக்கு எரிவாயுத் தோம்பு வாங்கக் காசு திரட்டிக்கொண்டிருப்பார்கள். நல்ல மரம் இப்படி வீணாவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. கோயில் மடைப்பள்ளிக்கு விறகு சேர்க்கும் வேலையில் இருப்பதால் பலரும் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

வெட்டிக் கிடக்கும் மரம் யாருக்குச் சொந்தம்? கேட்காமல் எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. சாலையோர மரம் பொதுச் சொத்து. நகரத்துக்குள் இருக்கும் சாலைகளைப் பெரும்பாலும் நகராண்மைக் கழகம் பார்த்துக்கொள்கிறது. ஈப்போவிலிருந்து கோலகங்சாருக்குப் போகும் முதலாம் எண் கூட்டரசு சாலை போன்றவை பொதுப்பணித் துறையின் பொறுப்பு. மரம் வெட்ட வந்திருக்கும் குத்தகையாளரின் மேற்பார்வையாளரிடம் முதலில் பேசுங்கள். கிடங்குக்கு லாரி ஓட்டும் செலவு அவருக்கு மிச்சம் என்பதால் பெரும்பாலும் முகம் கோணமாட்டார். ஆனால் அவருடைய வாய்ச்சொல் போதாது. எந்தச் சாலை, எத்தனை மரம், எந்தக் கோயிலுக்கு என்று எழுதி, அந்தச் சாலைக்குப் பொறுப்பான அலுவலகத்தில் கொடுத்து ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். வழியில் யாராவது நிறுத்திக் கேட்டால் காட்ட ஒரு தாள் கையில் இருக்க வேண்டும்.

நிற்கும் மரத்தை நீங்களாக வெட்டுவது வேறு விவகாரம். 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேலுள்ள மரத்தை ஊராட்சி மன்றத்தின் எழுத்துப்பூர்வ அனுமதியில்லாமல் வெட்டக்கூடாது. சொந்த வீட்டு வாசலில் நிற்கும் மரம் என்றாலும் முதலில் விசாரித்துவிடுங்கள்.

மரம் மின்கம்பியோடு சேர்ந்து விழுந்து கிடக்கிறது. கிளைகளை மட்டும் கழிக்கலாமா?

கிட்டே போகாதீர்கள். மின்சார நிறுவனமான தெனாகா நேஷனலுக்கு 15454 என்ற எண்ணில் சொல்லுங்கள். உயிருக்கு ஆபத்தென்றால் 999. அவர்கள் வந்து மின்சாரத்தைத் துண்டித்துவிட்டதாகச் சொல்லும்வரை அது மரமல்ல, மின்கம்பி.

எந்த மரம் நல்ல விறகு?

நம் சாலையோரங்களில் விறகுக்கு முதலிடம் அக்காசியாவுக்குத்தான். கொடுவாள் போல வளைந்த இலையும், சுருண்டு தொங்கும் காயும், மஞ்சள் பூவும் உள்ள மரம். வேகமாக வளர்ந்தாலும் கனமான கட்டை. நன்றாகக் காய்ந்தால் நின்று எரியும், கங்கும் நிலைக்கும். கிளை பலமில்லாததால் காற்றில் அடிக்கடி முறிந்து விழுவதும் இதுதான். ஆகவே கிடைப்பதும் எளிது.

அங்சானா நல்ல கட்டை. வெட்டிய இடத்தில் செந்நிறப் பிசின் கசியும். சட்டையில் பட்டால் கறை போகாது. நேரான பெரிய அடிமரம் கிடைத்தால் விறகாக்காமல் தச்சரிடம் காட்டுங்கள். மேசை, நாற்காலி செய்யும் மரத்தை அடுப்பில் வைப்பது வீண்செலவு.

தூங்குமூஞ்சி மரம், அதாவது மழைமரம், பார்க்கப் பிரம்மாண்டமாக இருக்கும். ஆனால் அதன் நார் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதால் கோடாரிக்கு எளிதில் இணங்காது. கிளைகளை எடுத்துக்கொள்ளுங்கள், அடிமரத்தை இயந்திர வாளால் நீளவாக்கில் அறுக்க ஆளிருந்தால் மட்டும் தொடுங்கள்.

மா, பலா, ரம்புத்தான் எல்லாம் நல்ல விறகு. இலவ மரமும் பத்தாய் மரமும் இலேசானவை. காகிதம் போலப் பற்றி அணைந்துவிடும். அடுப்பு மூட்டுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

பால்மரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1877இல் கோலகங்சாரில் நட்ட முதல் ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் அந்த ஊரில் நிற்கிறது. அந்த வழியில் வந்த மரம்தான் நம் பாட்டன் பூட்டனுக்குச் சோறு போட்டது, லயத்து அடுப்பையும் எரித்தது. பால் வற்றி மறுநடவுக்கு வெட்டிய மரம் ரப்பர் தகடுகளைப் புகையிடும் கூடங்களுக்கும் செங்கல் சூளைகளுக்கும் போனது. மேசை, நாற்காலிக்கு ஆகும் என்று தெரிந்த பிறகுதான் அதற்கு விலை வந்தது. இன்றும் சாலை விரிவாக்கத்தில் ஓரத்துப் பால்மரங்கள் விழுகின்றன. விறகுக்கு நல்ல மரம், ஆனால் காத்திருக்காது. மாவுச்சத்து நிறைந்த கட்டை என்பதால் பச்சையாகப் போட்டுவைத்தால் சில நாளிலேயே நீலப் பூசணம் ஏறும், பின்னாலேயே வண்டு துளைக்கும். வெட்டிய வாரத்திலேயே பிளந்துவிட வேண்டும்.

எரிக்கவே கூடாத மரம் உண்டா?

உண்டு. அரளியை அடுப்பருகில் கொண்டுவராதீர்கள்; இலை, தண்டு எல்லாமே நஞ்சு. பொங் பொங் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் உதளை மரத்தை நிழலுக்காகச் சாலையோரங்களில் நட்டிருப்பார்கள். வெள்ளைப் பூ, மாங்காய் போன்ற பச்சைக் காய், வெட்டினால் பால். அதன் விதை உயிரைக் குடிக்கும். சமையலுக்கு அந்தக் கட்டை வேண்டவே வேண்டாம். ஆற்றோரச் சாலைகளில் ரெங்காஸ் மரம் இருக்கலாம். அதன் சாறு காற்றுப் பட்டதும் கறுக்கும், தோலில் பட்டால் கொப்புளம் கிளப்பும், புகையும் கெடுதல். வெட்டுவாயில் கருஞ்சாறு கண்டால் அப்படியே விட்டுவிட்டு விலகுங்கள்.

மரத்தின் பெயர் தெரியவில்லையா? தெரிந்த பெரியவரிடம் இலையைக் காட்டிக் கேட்டபிறகே எடுங்கள்.

செம்பனை அடிமரம் ஏராளமாகக் கிடைக்கிறதே?

ஆகாது. அது பஞ்சு போன்ற நார், உள்ளே பெரும்பகுதி தண்ணீர். காய்வதற்குள் மக்கிவிடும்.

இவ்வளவு வெயில் அடிக்கிறதே, இன்று வெட்டியதை நாளை எரித்தால் என்ன?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் கேட்கிறார்கள். வெயில் நம் தலையைச் சுடுகிற அளவுக்குக் கட்டையின் உள்ளே போவதில்லை. பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். கணக்குப் பாருங்கள்: முற்றிலும் உலர்ந்த மரம் கிலோவுக்குச் சுமார் 4,500 கிலோகலோரி வெப்பம் தரும். பாதி தண்ணீராக இருக்கும் 1 கிலோ பச்சை விறகில் அரை கிலோதான் மரம், ஆக 2,250. மீதி அரை கிலோ தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக்க அதிலிருந்தே 300 போய்விடும். ஈரம் 20 விழுக்காடாகக் குறைந்த விறகோ கிலோவுக்கு 3,400க்கு மேல் கையில் நிற்கும்.

நட்டம் வெப்பத்தில் மட்டுமல்ல. பச்சை விறகு எரியும்போது அறுத்த முனையைக் குனிந்து பாருங்கள். நுரை தள்ளிக்கொண்டு, சீறியபடி, பழுப்புத் தண்ணீர் சொட்டும். அந்த ஈரம் தீயின் சூட்டை இழுத்துக்கொள்வதால் கட்டை முழுதாக எரியாமல் புகையாகிறது. அந்தப் புகையை நாள் முழுதும் விழுங்குபவர்கள் கொதிக்கும் அண்டாவின் முன்னால் நிற்கும் பெண்கள். பொங்கல் பானையும் கறுத்துப்போகும், கண்ணும் எரியும், நேரத்துக்குச் சோறும் வேகாது. பச்சை விறகைக் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது உபகாரமே அல்ல என்பது என் உறுதியான கருத்து.

அப்படியானால் எவ்வளவு நாள் காய வேண்டும்?

மணிக்கட்டுப் பருமனில் பிளந்து, காற்றோட்டமாக அடுக்கிய அக்காசியாவுக்கு இரண்டு மூன்று மாதம். தொடைப் பருமனுள்ள கட்டைக்கு ஆறு மாதம் விடுங்கள். பிப்ரவரி, மார்ச் வெயிலில் பிளந்து அடுக்கினால் சிறு விறகு ஆடிக் கூழுக்கும், பெருவிறகு தைப்பொங்கலுக்கும் ஆகும். நம் ஊர்க் காற்று எப்போதும் ஈரமானது. வெளியில் எவ்வளவு காலம் வைத்தாலும் விறகின் ஈரம் 15 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும். அது அடுப்புக்குத் தாராளமாகப் போதும்.

உருளையாகவே காயவிட்டுப் பிறகு பிளந்தால் ஆகாதா?

ஆகாது, பச்சையிலேயே பிளந்துவிடுங்கள். மரத்தில் தண்ணீர் நார்போக்கில் ஓடும் வேகம், குறுக்கே ஓடும் வேகத்தைப் போலப் பத்துப் பதினைந்து மடங்கு. பட்டையோ தண்ணீரை வெளியே விடாது. ஆகவே குட்டையாக அறுப்பதும், பட்டையைத் திறந்துவிடும்படி பிளப்பதுமே உலர்த்தும் வேலையில் பாதி. பிளக்காத உருளை வெளியே வெடித்து உள்ளே ஈரமாகவே கிடந்து, கடைசியில் பூசணம் பிடிக்கும். காய்ந்த அக்காசியாவைப் பிளப்பதற்குப் பச்சை அக்காசியாவைப் பிளப்பது எவ்வளவோ சுலபம் என்பதும் ஒரு காரணம்.

நீளம் 35 சென்டிமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று கல் அடுப்புக்கும் அது பொருந்தும், தூக்கவும் முடியும். 40 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள பச்சை அடிமரம் 1 மீட்டர் நீளத்துக்கே 100 கிலோவைத் தாண்டும். இடுப்பு போனால் போனதுதான். பெரிய வட்டத்தை நடுவில் அடிக்காமல் ஓரத்திலிருந்து பட்டை பட்டையாகக் கழற்றி வாருங்கள். கணு இருக்கும் பக்கத்தைக் கடைசிக்கு விடுங்கள். பின்னல் நாருக்குக் கோடாரியைவிட இரும்பு ஆப்பும் சம்மட்டியும் மேல்.

செயின்சா இருக்கிறது. நானே அறுக்கலாமா?

பழகியவர் என்றால் அறுங்கள். புதியவர் என்றால் விழுந்து கிடக்கும் மரத்தில் பழகாதீர்கள். நிற்கும் மரத்தைவிடக் கிடக்கும் மரம் வஞ்சகமானது. வளைந்து மண்ணில் ஊன்றியிருக்கும் கிளை இழுத்துக் கட்டிய வில். தவறான பக்கத்தில் வெட்டினால் முகத்தில் அடிக்கும். எந்தப் பக்கம் நெருங்கி அமுங்கியிருக்கிறது, எந்தப் பக்கம் இழுபட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். அமுங்கிய பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு, இழுபட்ட பக்கத்திலிருந்து மெதுவாக முடியுங்கள். மாற்றிச் செய்தால் வாளைக் கட்டை கவ்விக்கொள்ளும். வேரோடு சாய்ந்த மரமென்றால், அடிமரத்தை அறுத்ததும் வேர்க்கட்டை திரும்ப நிமிர்ந்து குழியில் விழக்கூடும். குழிப்பக்கம் ஆளோ சிறுவனோ நிற்கக்கூடாது. வாளின் மூக்கு நுனி எதிலும் படக்கூடாது, பட்டால் உங்களை நோக்கித் துள்ளும். சிலிப்பரும் கைலியுமாகச் செயின்சா பிடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. பூட்ஸ், தலைக்கவசம், கண்காப்பு, காதடைப்பான், வெட்டுத் தாங்கும் கால்சட்டை எல்லாம் வேண்டும். சூடான இயந்திரத்தில் பெட்ரோல் ஊற்றாதீர்கள்; நிழலில் வைத்து ஆறவிட்டு ஊற்றுங்கள்.

இனி ஆணி. சாலையோர மரத்துக்கே உரிய ஆபத்து இது. வட்டிக்குப் பணம், டியூஷன், வீடு விற்பனை என்று எத்தனை அட்டைகளை நம் மரங்களில் அறைகிறார்கள்! அட்டை கிழிந்து போய்விடும். ஆணி உள்ளேயே தங்கி, அதன்மேல் பட்டை மூடி வளரும். தரையிலிருந்து ஆள் உயரத்துக்குச் சற்று மேல்வரை உள்ள அடிமரத்தில் இது சகஜம். அறுத்த முகத்தைத் துடைத்துவிட்டு உற்றுப் பாருங்கள். மஞ்சளும் பழுப்புமான கட்டையில் நார்போக்கில் நீண்ட ஒரு நீலக்கறுப்புக் கறை தெரிந்தால், அங்கே இரும்பு இருக்கிறது. மரத்தின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்து உண்டாக்கும் மசி அது. கறை அடர்ந்துகொண்டே போகும் திசையில் ஆணி இருக்கும். அங்கிருந்து ஒரு சாண் தள்ளி அறுங்கள். சங்கிலி ஆணியில் பட்டால் பல் போவதோடு, அறுந்து தெறித்து ஆளையும் காயப்படுத்தும்.

வெயிலில் எப்படி வேலை செய்வது? போன தடவை ஒரு தம்பி மயங்கி விழுந்துவிட்டார்.

காலை ஏழு மணிக்குத் தொடங்கிப் பதினொன்றுக்குள் கோடாரியைக் கீழே வைத்துவிடுங்கள். மீதியை மாலை ஐந்துக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம். பால் வெட்டுக்காரர்கள் விடியுமுன்னே தோட்டத்துக்குப் போனதன் முதல் காரணம், குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக ஓடும் என்பது. ஆனால் உச்சி வெயிலில் உடம்பைக் கொடுக்காமல் இருந்ததும் அதனால்தான்.

35 டிகிரி செல்சியஸுக்கு மேல் மூன்று நாள் தொடர்ந்தால் மலேசிய வானிலை ஆய்வுத் துறை முதல் கட்ட எச்சரிக்கை விடும். அந்த நாட்களில் கனமான வேலையைத் தள்ளிப்போடுங்கள். விறகு எங்கும் ஓடிப்போகாது. நம் ஊரில் வெப்பத்தைவிடப் புழுக்கமே கொடியது. காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை உலராது. வியர்வை உலராவிட்டால் உடம்பு குளிராது.

தாகம் எடுக்கும்வரை காத்திருக்காதீர்கள். கால் மணி, இருபது நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு குவளை தண்ணீர். நீண்ட நேரம் வேலை என்றால் நீர்மோரோ, உப்பிட்ட எலுமிச்சை நீரோ சேர்த்துக்கொள்ளுங்கள். பீரும் சம்சுவும் வேலை நேரத்தில் அறவே கூடாது. உடம்பு வெயிலுக்குப் பழகக் குறைந்தது ஒரு வாரம் ஆகும். அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் முதல் நாளில் வழக்கமான வேலையில் ஐந்தில் ஒரு பங்கு செய்தால் போதும், பிறகு நாளுக்கு நாள் கூட்டலாம். கோயில் வேலை என்று வரும் இளைஞர்கள் வேகம் காட்டுவார்கள். அவர்களைத்தான் கண்காணிக்க வேண்டும். இரத்த அழுத்தத்துக்கோ இருதயத்துக்கோ நீர் பிரிய மாத்திரை எடுப்பவர்களும் நீரிழிவு உள்ளவர்களும் அடுக்கும் வேலையை நிழலில் பார்க்கட்டும்.

தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு, மிகுந்த வியர்வை தெரிந்தால் நிழலுக்குக் கொண்டுபோய்ப் படுக்கவைத்து, சட்டையைத் தளர்த்தி, தண்ணீர் கொடுங்கள். பேச்சுக் குழறினால், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், நினைவு தப்பினால் அது வெப்பத் தாக்கம். உயிர் போகும் நிலை. 999ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை சும்மா நிற்காமல் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் ஐஸ் வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

பிற்பகலில் வானம் கறுத்தால் உடனே கலைந்துவிடுங்கள். ஏப்ரல், மே மாதத்து இடி நம் பக்கம் மிகக் கடுமை.

எங்கே, எப்படி அடுக்குவது?

காற்று வரும் இடமாகப் பாருங்கள். நான்கு பக்கமும் சுவருள்ள மூலை நல்ல வெயிலாக இருந்தாலும் பயனில்லை. விறகிலிருந்து வெளியேறும் ஈரத்தைக் காற்றுதான் எடுத்துக்கொண்டு போக வேண்டும். அடியில் செங்கல்லோ பழைய மரப் பலகைத் தட்டோ வைத்துத் தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்துங்கள். இல்லாவிட்டால் கறையான் ஏறும். ஒற்றை வரிசையாக அடுக்குங்கள், வீட்டுச் சுவரிலிருந்து விலக்கி. மேலே மட்டும் தகரம், சரிவாக.

தார்ப்பாயைப் போட்டு முழுக்கப் போர்த்துபவர்கள் மிகப் பலர். தயவுசெய்து வேண்டாம். உள்ளே விறகு அவிந்து பூசணம் பூக்கும்; மேலே மடிப்புகளில் மழைநீர் தேங்கி ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். விறகு சேர்க்கப் போய்த் தெருவுக்கே டெங்கி கொண்டுவந்துவிடக்கூடாது.

விறகு எடுக்கும்போது கையை இடுக்கில் விடாதீர்கள். முதலில் ஒரு குச்சியால் தட்டுங்கள். தேள், பூரான், சில நேரம் நாகம்கூட அங்கே குடியிருக்கும்.

காய்ந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இரண்டு விறகை ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது கணீரென்று கேட்கும். ஈரம் இருந்தால் சத்தம் மந்தமாக இருக்கும். முனையில் விரிசல் ஓடியிருக்கும், பட்டை தானாகக் கழலும். இதைவிடத் திடமான வழி தராசு. நான்கைந்து விறகில் சாயம் தடவி அடையாளமிட்டு, வாரம் ஒரு முறை நிறுத்து எழுதிவையுங்கள். எடை இறங்குவது நின்றதும் விறகு தயார்.

கழித்த இலையையும் சுள்ளியையும் அங்கேயே கொளுத்திவிடலாமா?

திறந்தவெளி எரிப்பு 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம், அபராதமும் பெரிது. சமையலுக்கும் சமயச் சடங்குக்கும் மூட்டும் தீ வேறு, குப்பை கொளுத்துவது வேறு. வறட்சியில் ஒரு பொறி பக்கத்துப் புல்வெளியைப் பிடித்தால் அணைக்க முடியாது. இலையை வாழைக்கும் தென்னைக்கும் மூடாக்காகப் போடுங்கள். விரல் பருமன் சுள்ளியைக் கட்டுக்கட்டாகக் கட்டிவையுங்கள். அடுப்பு மூட்ட அதுவும் காய்ந்த தென்னம்பாளையும் இருந்தால் மண்ணெண்ணெய் தேவையில்லை.

விறகிலிருந்து மாவு கொட்டுகிறதே?

வண்டு துளைக்கிறது. எரிக்கத் தடையில்லை, ஆனால் வீட்டுக்குள் வைக்காதீர்கள், மரச்சாமான்களுக்கும் பரவும். மருந்து அடித்த விறகில் சமைக்கக்கூடாது. ஆகவே மருந்தடிக்காமல், மாவு கொட்டும் விறகை முதலில் எரித்து முடித்துவிடுங்கள்.

தீமிதிக்கு இந்த விறகைக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் அடிமரத்தைக் கொடுக்காதீர்கள். தரையிலிருந்து 2 மீட்டர் உயரம்வரை உள்ள பகுதியில் ஆணி இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். விறகு எரிந்து கங்காகும், ஆணி எரியாது. பழுக்கக் காய்ந்து குழியிலேயே கிடக்கும். விரதமிருந்து வெறுங்காலோடு இறங்கும் பக்தரின் பாதத்துக்கு நாம்தான் பொறுப்பு. மேற்கிளைகளை மட்டும், ஒரே வகை மரமாக, நன்றாகக் காய்ந்ததாகக் கொடுங்கள். ஈரக் கட்டையும் பிசின் கணுவும் வெடித்துப் பொறி தெறிக்கும். சாயம் பூசிய பலகை, பழைய கதவு, பெட்டி மரம் எதையும் சேர்க்கவிடாதீர்கள்.

மிஞ்சும் சாம்பலை என்ன செய்வது?

மேலே ஆறியிருந்தாலும் உள்ளே கங்கு ஒரு நாளுக்கு மேலும் உயிரோடிருக்கும். பிளாஸ்டிக் வாளியிலோ குப்பைத் தொட்டியிலோ கொட்டாமல் மூடியுள்ள தகரத் தோம்பில் இரண்டு மூன்று நாள் வையுங்கள். நம் தோட்டத்து மண் பெரும்பாலும் புளித்த மண். சாம்பல் காரத்தன்மை உடையது. சலித்து, மிளகாய்க்கும் கத்திரிக்கும் செடிக்கு ஒரு கைப்பிடிக்கு மேல் போகாமல் மண்ணில் கலந்துவிடலாம். சலிக்கும்போது ஒரு காந்தத்தை உள்ளே விட்டுத் துழாவுங்கள். கிடைக்கும் ஆணிகளைப் பழைய இரும்புக்காரரிடம் போடுங்கள். செடிக்குக் களையெடுப்பவர் காலிலும் அவை ஏறக்கூடாது.